சித்தியின் உதடும் ஒரு மூட்டைக் காப்பிப் பழமும்

சித்திக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டார். கீழுதட்டை மட்டும் பிதுக்குவார். சேலத்தில் படிப்பை முடித்து மலைமேல் எங்கள் ஊரான வாழவந்திக்குத் திரும்பிய மறுநாளே, இனிமேல் காப்பியைப் பழமாகவே காயப்போட்டு விற்க வேண்டாம், நாமே தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவிக் காயவைப்போம் என்று வீட்டில் அறிவித்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். சித்தப்பா சிரித்தார். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த சித்தி உதட்டைப் பிதுக்கினார். கண் மூடித் திறக்கும் நேரம்தான். என் மூன்று வருடப் படிப்பையும் புடைத்து ஓரமாகத் தள்ளிவிட்டது போலிருந்தது எனக்கு.

எங்கள் வீட்டில் பிதுக்குவதற்கு ஓய்வே கிடையாது. தீர்ந்துபோன பற்பசையை வாலிலிருந்து சுருட்டிப் பிதுக்குவோம். நான் கண்ணாடி முன்னால் சற்று அதிகம் நின்றால், "பருவப் பிதுக்காத, வடு உழுந்துரும்" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சுற்றுலா வந்தவர்களும் நாங்களுமாகக் கூட்டம் பிதுங்கும். பரீட்சை வந்தால் எனக்கு விழி பிதுங்கும். தை மாதம் மொச்சை வந்துவிட்டாலோ பிதுக்குவது ஒரு முழுநேர வேலை. ஊறவைத்த பச்சை மொச்சையை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் பிடித்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு குண்டானில் விழும். சித்தி அதைப் பார்க்காமலே செய்வார். கண் அடுப்பில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுச் சேதியில் இருக்கும், இரண்டு விரல்கள் மட்டும் தம்பாட்டுக்கு வேலை பார்க்கும். ஒரு பருப்புகூடப் பிளக்காது. நான் செய்தால் பாதி மாவாகிவிடும். அவசரக்காரி என்று எனக்குப் பெயர்.

அந்த அவசரம் காப்பியிலும் வந்தது. அப்பா கடைசியில் ஒரே ஒரு மூட்டைப் பழம் தர ஒத்துக்கொண்டார். "இது நல்லா வந்தா அடுத்த வருசம் தோட்டம் பூரா உன்ற வழிக்கே உட்டர்றேன். கெட்டுப்போச்சுன்னா சேலத்துல சொல்லி வச்ச வேலைக்குக் கெளம்பீரு." துணிக்கடை ஒன்றின் அலுவலகத்தில் அந்த வேலை காத்திருந்தது. எனக்கு அங்கே போக மனமில்லை. கரடியூரில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கையால் சுற்றும் தோலெடுக்கும் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். பழம் நசுங்கிப் போக அவர் வைத்துக் கொடுத்த இடைவெளி அதிகம் என்று எனக்குத் தோன்றியது. போனில் பார்த்த வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். இடைவெளியைக் குறைக்கத் திருகை முறுக்கினேன். முதல் இரண்டு கை பழத்தில் கொட்டையெல்லாம் வெட்டுப்பட்டு வந்தது; அதை அள்ளி எறிந்தேன். தளர்த்தினேன், பழம் அப்படியே உருண்டு வெளியே வந்தது. மறுபடி முறுக்கும்போது மரை தேய்ந்து திருகு சும்மா சுற்ற ஆரம்பித்தது. மெஷின்காரர் போனை எடுக்கவில்லை. மணி ஒன்றரை. காலையில் பறித்த பழம் மூட்டைக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே தோலெடுக்காவிட்டால் உள்ளேயே புளித்து வாடை பிடித்துவிடும்.

அப்பா மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காயப்போட்டரலாம் கண்ணு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்து விரலால் பிதுக்கினேன். பிறகு இன்னொன்று. ஒரு மூட்டையை இப்படி முடிக்க முடியாது என்று எனக்கே தெரியும். ஆனால் எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தேன்.

எங்கள் வீட்டில் சித்தி அப்பாவிடம் நேராகப் பேசியதில்லை. கணவரின் அண்ணனிடம் பேசுவது அவர் வழக்கமில்லை. சோறு ஆகிவிட்டது என்பதைக்கூட, "உங்கப்பங்கிட்டச் சொல்லு சாமி" என்று என் வழியாகத்தான் சொல்வார். அன்று மொச்சைக் குண்டானைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். என் கையைப் பார்த்தார். வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஏனுங்க மாமா, நின்னு பாத்தா பழம் தானா உரிஞ்சிக்குமா? இப்பிடி வந்து உக்காருங்க" என்றார்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். வேறென்ன செய்வார்? சித்தப்பாவும் வந்தார். நாலு பேரும் பிதுக்கினோம். சாறு பிசுபிசுத்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. அப்பா அழுத்தினால் கொட்டை துள்ளி வாசலுக்கு ஓடும். "மம்பட்டி புடிச்ச கைங்க, அதுக்கு இது நொம்பச் சின்ன வேலை" என்று சித்தி அதையும் நேராகவே சொன்னார். நாங்கள் மூன்று பேர் ஒரு படி முடிப்பதற்குள் அவர் ஒரு படி முடிப்பார். நாலு மணிக்குப் பனி தோட்டத்துக்குள் இறங்கியது. என் கட்டைவிரல் ஓரம் வெடித்து எரிந்தது. விளக்குப் போடும் நேரத்துக்கு மூட்டை காலியாகியிருந்தது.

புளிக்கவைத்து, கழுவிக் காயவைத்து முடித்தபோது அதில் வெட்டுப்பட்ட கொட்டை ஒன்றுகூட இல்லை. அப்பா ஒரு கைப்பிடி அள்ளி வெகுநேரம் விரலால் கிளறிக்கொண்டிருந்தார். "துணிக்கடைக்காரனுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிரு" என்றார். அதை வறுத்து அரைத்துப் போட்ட காப்பியைக் குடித்துப் பார்த்த சித்தி, "கசக்குது" என்று சொல்லி இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார்.

இப்போது எங்களுக்குச் சொந்த மெஷின் இருக்கிறது. அதன் திருகைத் தொடுமுன் பத்துப் பழத்தையாவது விட்டுப் பார்க்கிறேன். சித்தி சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். விரல் மூட்டுகள் வீங்கி, இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்த முடிவதில்லை. போன தை மாதம் ஒரு பை மொச்சையோடு போனேன். ஊறப்போட்டு, குண்டானோடு அவர் எதிரே உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த வேகத்துல போனா தீவாளிக்குத்தான் கொழம்பு" என்றார். பிளந்துபோன ஒரு பருப்பைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார். கீழுதடு வெளியே வந்தது. நான் சிரித்துவிட்டு, அடுத்ததை எடுத்து மெதுவாக அழுத்தினேன். முழுசாக விழுந்தது.