சீர் மாட்டை எல்லையில் நிறுத்திய டாக்டர்

வேலந்தாவளம் சந்தைக்குப் போய் வந்த என் வீட்டுக்காரர் அன்றைக்கு வாசல் தொட்டியை விட்டு நகரவே இல்லை. சந்தைக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் வீட்டில் சலவைச் சோடா கரைத்த அந்தத் தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே வருவது. இவர் நனைத்த காலையே திரும்பத் திரும்ப நனைத்துக்கொண்டு நின்றார்.

"போதும் வாங்க, தோலு உரிஞ்சுரப் போகுது" என்றேன்.

"தொட்டி வெக்கச் சொன்னவரு போயிட்டாராமா சரசு" என்றார்.

விசுவநாதன் டாக்டரைத்தான் சொல்கிறேன். நம் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் மாட்டு டாக்டராக இருந்துவிட்டு, அப்புறம் அகளி மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போன கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். சொந்த வீட்டில்தான் நெஞ்சுவலி வந்ததாம். கையில் வாங்கிய காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டதாம். பால் சங்கத்தில் அவர் படத்துக்கு மாலை போடும்போது வாசிக்க நாலு வரி எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், நாலு வரியில் அடக்கி எழுதத் தெரியாது. உங்களில் பாதிப் பேர் அவரைக் 'கால்கழுவி டாக்டர்' என்றுதான் சொல்வீர்கள். அந்தப் பேர் என் கல்யாணத்தில் வந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் கணக்கில் சேராது.

என் அப்பா வீடு மாநில எல்லைக்கு அந்தத் தமிழ்ப் பக்கம். புகுந்த வீடு இந்த மலையாளச் சீமையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சீராக ஒரு செவலைக் கிடாரி, தலைச்சன் சினை. பெண்ணும் மாடும் ஒரே நல்ல நேரத்தில் வாசல் மிதிக்க வேண்டும் என்று பேச்சு. அதனால் அண்ணன் விடியும்போதே மாட்டை நடத்திக்கொண்டு கிளம்பிவிட்டான். நாங்கள் வேனில் வேலந்தாவளம் வந்து பார்த்தால், கொம்பில் பூவும் நெற்றியில் குங்குமமுமாகச் செவலை செக்போஸ்ட்டில் நிற்கிறாள். அண்ணன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

"ஏனுங்க, பொண்ணு சீருங்க. நல்ல நேரம் தாண்டப் போகுதுங்க."

"பொண்ணு தாராளமாப் போகட்டும், பொண்ணுக்குக் குளம்பு இல்லே" என்றார் டாக்டர். "உங்க பக்கத்து ஊர்லே மாடுகளுக்குக் கோமாரி நோய் இருக்கு. மாடு பத்து நாள் இங்கே தனியா நிக்கணும். ஒண்ணும் வரலேன்னா அழைச்சுண்டு போலாம். மனசிலாச்சோ?"

"நல்ல நேரம் போனா திரும்ப வருங்களா?"

"வராது. ஆனா கோமாரிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதே, என்ன பண்றது?"

வேனில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மாடு இல்லாமல் புகுந்த வீட்டு வாசலில் இறங்கினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. ஆரத்தித் தட்டு கீழே இறங்கவில்லை, அதற்குள் ஒரு பெரியம்மா, "மருமக மட்டும் வந்திருக்குது, சீரு போலீஸ் ஸ்டேசன்லயாமா?" என்றாள். என் மாமியார் வேனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாயால் கேட்டிருந்தால்கூடத் தேவலை. மாமனார் மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, "செக்போஸ்ட்டைச் சுத்தித் தோட்டத்து வழியா ஊரே மாடு கன்னு ஓட்டுது. நம்ம மாட்டை மட்டும் அந்தாளு கட்டி வெப்பானா? வா அம்மணி, புடிச்சுட்டு வரலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

செக்போஸ்ட்டுக்குப் பின்னால் படல் கட்டிய பட்டி. மாமா படலைத் தள்ளப் போனார். டாக்டர் செம்போடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ. உள்ளே போறச்சேயும் கால் கழுவணும், வெளியே வரச்சேயும் கழுவணும்."

"நானென்ன கக்கூசுக்கா போறேன்?" என்றார் மாமா.

டாக்டர் குனிந்து உட்கார்ந்து மாமாவின் செருப்பைத் தானே கழற்றி, சோடாத் தண்ணீரை ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். மாமா துள்ளிப் பின்வாங்கினார். "சாமி, இதென்னங்க பண்றீங்க? எந்திரிங்க. எம்பட கண்ணாலத்துல காலு களுவுன எம் மச்சான் கூட இப்படித் தேய்ச்சு உடலீங்க."

"அவருக்குக் கோமாரி தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர், அடுத்த காலைப் பிடித்துக்கொண்டே.

வெளியே நின்ற மாட்டுத் தரகர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பேர் அங்கேதான் பிறந்தது. காலைக் கழுவிய மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? மாமா உள்ளே போனார். நானும் கழுவிக்கொண்டு பின்னால் போனேன்.

செவலை தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். வாயிலிருந்து எச்சில் கயிறு போல வடிந்தது. டாக்டர் வாயைத் திறந்து காட்டினார், நாக்கில் கொப்புளம். முன்னங்காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

"காலம்பறதான் ஆரம்பிச்சது. வைரஸுன்னு ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது, டிக்கெட் எடுக்காம பஸ் ஏறும். மாட்டு வாயிலே வரும், உங்க கால்லே வரும், தீவனச் சாக்கிலே வரும்."

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். எங்கள் கட்டுத்தாரி நிறைய மாடு, எருமை, உழவுக்காளை. எல்லாம் அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். நான் அழ ஆரம்பித்தேன். கல்யாணம் ஆகி வந்ததும் வியாதியைக் கொண்டுவந்தவள் என்று ஆகிவிட்டதே என்ற பயம்.

டாக்டருக்கு அது புரிந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "சீர் வரலேன்னு இனிமே யாரும் சொல்லப்படாது. உங்காத்து மாட்டுக்கெல்லாம் வர வேண்டியதைச் சீரே வாங்கிண்டு வாசல்லே நிக்கறது."

மாமா திரும்பி வரும்போது கேட்காமலே கால் கழுவினார். பஸ்ஸில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை: "கண்ணைத் தொடச்சுக்க அம்மணி. ஊட்ல நான் பேசிக்கறேன்." அன்றைக்கே அந்தப் பெரியம்மாவைக் கூப்பிட்டு வைத்து, "எம் மருமவ மாடு வெளியில நின்னதாலதான் எங் கட்டுத்தாரி தப்பிச்சுது, தெரிஞ்சுக்க" என்றார்.

அப்புறம் தினமும் போனேன். செவலை என் கையில்தான் கேப்பைக்கூழ் குடித்தாள். பட்டிக்கென்று ஒரு பழைய சேலை அங்கேயே வைத்திருந்தேன். டாக்டர் படிகாரத் தண்ணீரால் அவள் வாயைக் கழுவிக்கொண்டே அவளிடமே பேசிக்கொண்டிருப்பார். "உனக்கு இப்போதைக்குத் தமிழ் போதும்டி. புகுந்தாத்துக்குப் போய் மலையாளம் படிச்சுக்கோ." சினை கலைந்துவிடுமோ என்று நான் கேட்டால், "அவ பயப்படலே, நீ ஏன் பயப்படறே?" என்பார். ஆனால் காது குளிர்ந்திருக்கிறதா என்று அவர்தான் நாளுக்கு நாலு தரம் தொட்டுப் பார்ப்பார்.

தேறியதும் எந்த நேரத்தில் அழைத்து வரலாம் என்று மாமியார் கேட்டு அனுப்பினார். "குளம்புப் புண் ஆறின நேரம்தான் நல்ல நேரம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவரே கூட வந்தார். மாமியார் செவலைக்கு ஆரத்தி எடுத்தார், டாக்டர் நாலு குளம்பையும் கழுவினார். இரண்டும் முடிந்துதான் அவள் வாசல் மிதித்தாள். அந்த வாரமே டாக்டர் சொன்னபடி மாமா கல் தொட்டி வாங்கி வாசலில் வைத்தார். ஆவணியில் செவலை கிடாரிக் கன்று போட்டாள்.

போன வருஷம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். வந்த பெண் இரண்டாம் நாளே ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டது. மாமியார் வாயைத் திறந்தார். மாமா கையைக் காட்டித் தடுத்தார். "புதுசா வந்ததைப் பத்து நாள் சும்மா உடோணும். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" டாக்டர் மாட்டுக்குச் சொன்னதை மாமா மருமகளுக்கும் ஆக்கிவிட்டார். கேட்டால் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அகளிக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

கல்பாத்திக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு எல்லோரும் திரும்பினோம். இழவு வீட்டிலிருந்து வந்தால் கால் கழுவ வாசலில் குடத்துத் தண்ணீர் வைப்பது வழக்கம். கொழுந்தன் மனைவி வைத்திருந்தாள். மாமா குடத்தைத் தாண்டிப் போய்த் தொட்டிக்குள் இரண்டு காலையும் வைத்து நின்றார்.

"மாமா, அது சோடாத் தண்ணிங்க. இங்க கொடம் இருக்குதுங்க" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும் கண்ணு. அவருக்கு இதுதான் தண்ணி" என்றார் மாமா. குனிந்து விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

எனக்கு டாக்டர் விட்டுப்போனது இந்தத் தொட்டியும் செவலையும் அவள் பெற்றதுகளும். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற நல்ல பேரும் அவர் கொடுத்ததுதான். தொட்டித் தண்ணீரை இன்று காலையில் மாற்றிவிட்டேன்.