மெம்பரின் வேட்புமனுவை வாசித்துக் கொடுத்தேன்

இன்று காலை, மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் எங்கள் வார்டு மெம்பர்.

போன வருடம் தெருக்குழாய் கேட்டுப் போன என்னிடம், "சோறு வெந்துச்சான்னு போய்ப் பாருங்க" என்று ஊர் முன்னால் சிரித்தவர். அதற்காகத்தான் இந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கிறேன். என் மனுவை நேற்றே கொடுத்துவிட்டேன்.

மனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள். கொடுக்கக் கொண்டுபோன தன் மனுவை அவர் பின்னால் நீட்டினார்.

"ஏனுங்கம்மா, மலையாளம் வாசிப்பீங்களா? எப்படி எழுதறதுன்னு பார்த்துக்குங்க."

பஸ் போர்டுகளைப் பார்த்தே கற்ற மலையாளம். வரி விடாமல் வாசித்தேன். முன்மொழிந்தவர் அவர் மச்சான்.

வாக்காளர் லிஸ்டை வீடு வீடாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் மச்சான் வீடு, இந்த முறை வார்டு எல்லையை மாற்றியதில் அடுத்த வார்டுக்குப் போய்விட்டது. வேறு வார்டுக்காரர் முன்மொழிந்தால் மனு தள்ளுபடி.

"தப்பேதும் இருக்குதுங்களா?" என்றார் கிண்டலாக.

"கையெழுத்து ரொம்ப அழகுங்க" என்றேன்.

மூன்று மணியோடு மனு வாங்குவது முடிந்தது. மூன்றரைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். நாளை பரிசீலனை. முன் வரிசையில் உட்காரப் போகிறேன்.

நான் பொய் சொல்லவில்லை, கையெழுத்து அழகுதான். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள். உங்கள் தெருவில் குழாய் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.