முட்டையிடாத ஆமை

சாய்ந்தமருதுக் கடற்கரையில் என் மாமாவுக்கு ஒரு கரைவலையும் மீனவர் தங்கும் ஓலை வேய்ந்த வாடியும் இருந்தன. எனக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளி விடுமுறை நாளொன்றில் வாடிக்குப் பின்னால் ஒரு பெரிய கடலாமை கிடப்பதைக் கண்டேன். முன்கால்கள் இரண்டும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கழுத்திலும் நீண்ட வாலிலும் புதுக் காயங்கள்.

“முட்டையிட வந்திரிக்கி புள்ள,” என்றார் மாமா. “ஒருத்தருக்கும் சொல்லாத, கூட்டம் கூடினா பயந்திரும். காஞ்சி போகாம தண்ணி ஊத்திக்கிட்டு இரி.”

“அப்ப ஏன் மாமா கட்டியிரிக்கி?”

“கொஞ்சம் தள்ளிப் போனாலும் நாய் கடிச்சிரும். அதுக்குத்தான்.”

இப்படியொரு நல்ல மாமா வேறு யாருக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வாளியோடு கடலுக்கும் வாடிக்குமாக நடந்தேன். ஈரச் சாக்கை அதன் முதுகில் போர்த்தினேன். அது பெருமூச்சு விடும்போதெல்லாம் குனிந்து, “இன்னும் கொஞ்சம்தான், இட்டிரு” என்று கெஞ்சினேன்.

மத்தியானம் என்னைத் தேடி வந்த உம்மா முதலில் ஆமையைப் பார்த்தார், பிறகு தன் தம்பியைப் பார்த்தார். வாப்பா மௌத்தான பிறகு மாமாவின் வலையால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. உம்மா என் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் ஓர் ஆட்டோவில் வெளியூர் ஆட்கள் இருவர் வந்தார்கள். நல்ல மணலுள்ள இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார் மாமா.

“எத்தின முட்டை எண்டு வந்து சொல்லுவீங்களா?” என்று கேட்டேன்.

ஒருவர் சிரித்தார். மற்றவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

நீண்ட வால் ஆணின் அடையாளம் என்று பின்னாளில்தான் படித்தேன். குஞ்சாகக் கடலில் இறங்கிய ஆண் ஆமை பொதுவாகத் திரும்பக் கரையேறுவதில்லை. இணை தேடும் காலத்தில் தூரக் கடல்களிலிருந்து, தான் பிறந்த கரையை அண்டிய கடலுக்கு நீந்தி வரும். பெண்ணைப் பற்றிக்கொண்டிருக்கையில் மற்ற ஆண்கள் அதைக் கடித்துக் குதறும். நான் கழுவிய காயங்கள் அவைதான். அந்த நிலையில்தான் வலை அதை இழுத்து வந்திருக்கிறது.

மாமாவிடம் கேட்டேன். “நீ அழுவாய் எண்டுதான் புள்ள அப்பிடிச் சொன்ன,” என்றார்.

அதைக்கூட நம்பியிருப்பேன். ஆனால் செத்த ஆமையை அந்த ஆட்கள் வாங்கமாட்டார்கள். அறுக்கும் நேரம் வரை அந்த வெயிலில் அதை உயிரோடு வைத்திருக்க மாமாவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.