கம்பனியா, கராஜா? திருகோணமலையில் ஒரு போயா நாள்

எட்டு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த தங்கச்சி, திரும்பிப் போகுமுன் நிலாவெளிக் கடலில் ஒரு தரம் குளிக்கவேண்டும் என்றாள். அதற்காகத்தான் சென்ற ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து என் காரில் புறப்பட்டோம். ஞாயிறு விடியற்காலை கட்டுநாயக்காவில் அவளுக்கு விமானம். திருகோணமலையிலிருந்தே கொண்டுபோய் ஏற்றிவிடுவது திட்டம். லீவு முடிந்து உரிய நாளில் நிற்காவிட்டால் வேலை போய்விடும் என்று வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ 235 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். பாதை நல்லது. சாப்பாட்டுக் கடைகள் குறைவு, ஆகவே வவுனியாவிலேயே வயிற்றைக் கவனித்துவிடுங்கள். திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம், இரவுக்கு 7,000 ரூபா.

வெள்ளி மத்தியானம் நிலாவெளியிலிருந்து திரும்பும்போது காரில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்னுடையது ஹைபிரிட் கார். பெட்டரிக்கு இன்னும் இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது. கம்பனியைத் தவிர வேறெங்கும் பொனட்டைத் திறக்க விடாத ஆள் நான். நேரே நகரிலுள்ள கம்பனிக் கிளைக்கு விட்டேன். நீலச் சேட்டில் பெயர்ப்பட்டி குத்தியிருந்த றிஸ்வான் என்பவர் கணினியைப் பொருத்திப் பார்த்து, பெட்டரி மாற்றவேண்டும், கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றார். நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு, திங்களுக்குப் பிறகுதான் ஆகும் மெடம் என்றார். வெளியில் யாராவது பெட்டரியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற எச்சரிக்கை வேறு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கிண்ணியாவில் ஒரு கராஜ் போயாவிலும் திறந்திருக்கும் என்று அறை வீட்டுக்காரர் சொன்னார். மறுநாள் காலை அரை மனதோடு, ஊர்ந்து ஊர்ந்து, பாலம் தாண்டிப் போனோம். சுமார் இருபது கிலோமீற்றர். அங்கே ஒரு வான் வண்டிக்கு அடியிலிருந்து சாரம் உடுத்தபடி எழும்பி வந்தவர் அதே றிஸ்வான். கராஜ் அவருடைய மச்சானுடையதாம், லீவு நாட்களில் இங்கே வேலையாம். நான் முழித்தேன், அவரும் முழித்தார். தங்கச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பின்சீட்டுப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்றுப் போகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. கடலில் குளித்த ஈரத் துவாய்களையெல்லாம் அதன்மேல்தான் குவித்திருந்தோம். அவர் பெட்டரியைத் தொடவில்லை. அந்த ஓட்டையின் பில்டரை மட்டும் கழற்றி, மணலையும் பஞ்சையும் ஊதி எடுத்தார். விளக்கு அணைந்தது. கூலி 3,000 ரூபா. இதை நேற்றே ஏன் சொல்லவில்லை என்று சுள்ளென்று கேட்டேன்.

"அங்க நான் எழுதினா அதுக்குக் கொம்பனி பொறுப்பு, அக்கா. மாத்தவேணும் எண்டுதான் எழுதலாம். இங்க துப்பரவாக்கி விடுறன். இனி வராது எண்டு சொல்ல ஏலா."

நேற்று மெடம், இன்றைக்கு அக்கா. இந்த இரண்டு றிஸ்வான்களில் யாரை நம்புவது?

"உங்கட தங்கச்சியெண்டா இண்டைக்கு இரவு இந்தக் காரில அனுப்புவீங்களோ?" என்று கேட்டேன்.

சாரத்தில் கையைத் துடைத்தார். "மாட்டன். ஹபரணைக் காட்டுப் பாதையில நிண்டிட்டா இருட்டில ஆனையும் வரும், பிளேனும் போயிரும். வான்தான் பிடிப்பன்."

அவரே ஒரு வான் பிடித்துத் தந்தார். கட்டுநாயக்காவுக்குப் போகவர 38,000 ரூபா. பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வழி முழுக்கத் தங்கச்சி என் தோளில் சாய்ந்து கதைத்துக்கொண்டே வந்தாள். காரை நான் ஓட்டியிருந்தால் றோட்டைத்தான் பார்த்திருப்பேன். அந்தக் காசு எனக்கு வலிக்கவேயில்லை.

உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். புறப்படுமுன் போயா எந்த நாளென்று பாருங்கள். ஹைபிரிட் காரில் பின்சீட்டு ஓட்டையை மூடாதீர்கள். உத்தரவாதம் உள்ள பெரிய சாமானைக் கம்பனியிடமே விடுங்கள். துப்பரவுக்கும் சில்லறை வேலைக்கும் நல்ல கராஜ் போதும். என் பெட்டரியைக் கம்பனி பிறகு சோதித்து, காசு வாங்காமலே மாற்றித் தந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை கிடைத்த பதிலும் பொய்யில்லை. ஆனால் இரவுப் பயணம் இருந்தால், கணினி சொல்வதைக் கேட்டுவிட்டு, அதைப் பிடித்திருப்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்.

திங்கள் காலை காரைக் கிளைக்குக் கொண்டுபோனேன். நீலச் சேட்டு றிஸ்வான், என்னைக் கண்டே அறியாதவர்போல, வாகனத்தில் என்ன பிரச்சினை மெடம் என்றார். நானும் கிண்ணியாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், விளக்கு எரிந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துக்குத் தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி போய்ச் சேர்ந்திட்டாவா?"

"ஓம் தம்பி," என்றேன். "வீட்ட போய்ச் சேர்ந்திட்டாள்."