வயது எழுதப்படாதவர்கள்

மஞ்சுஷா கொச்சி இடப்பள்ளியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆதரவற்றோர் இல்லங்கள் சில சேர்ந்து, தங்களிடம் இருப்பவர்களின் பதிவுகளோடு நடத்தும் இணையதளத்துக்குத் தேடல் பக்கம் எழுதியது அவள்தான். காணாமல் போனவரின் பெயர், வயது, ஆணா பெண்ணா, உடல் அடையாளம் என்று தெரிந்ததை மட்டும் நிரப்பினால் போதும். காலியாக விட்ட கட்டத்தைத் தேடல் கணக்கில் எடுக்காது. எட்டு மாதமாக அது ஓடிக்கொண்டிருந்தது.

மட்டாஞ்சேரியில் அவள் பக்கத்து வீட்டுக்காரர் ராஜன், கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக மறதி. சனிக்கிழமை காலை சாயா குடிக்கப் போனவர் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை. திங்கள் காலை அவர் மனைவி இருளாயி மஞ்சுஷாவிடம் வந்தார்.

ராஜன், ஆண், வயது அறுபத்தைந்திலிருந்து எழுபத்தைந்து என்று கொடுத்தாள். யாரும் இல்லை. பெயரை எடுத்துவிட்டுத் தேடியதில் ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இருளாயி இல்லையென்று தலையாட்டினார்.

"அவருக்கு வயசு கேட்டா சொல்லத் தெரியாது மோளே. சில நேரம் பேரே மறந்துபோவும்."

மஞ்சுஷாவின் கை நின்றுவிட்டது. தேடுகிறவர்கள் விடும் காலி இடத்தை அவள் யோசித்திருந்தாள்; இல்லங்களின் பதிவிலேயே இருக்கும் காலி இடத்தை யோசிக்கவில்லை. வயது எழுதப்படாத ஒருவர், வயதைக் கொடுத்துத் தேடியதுமே பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருத்த உட்கார்ந்தாள். வயது பொருந்த வேண்டும், இல்லையென்றால் எழுதப்படாமல் இருக்க வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் அடைப்புக்குறியை விட்டுவிட்டதால், ஆண் என்று கேட்டும் வயது எழுதப்படாத பெண்களெல்லாம் வந்தார்கள். இருளாயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக வந்தபோது பத்தொன்பது பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். அதில் பதினோராவது படத்தின்மேல் இருளாயி விரலை வைத்தார். பெயர் இல்லை, வயது இல்லை. சனிக்கிழமை மாலை வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்து, இடக்கொச்சியில் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள்.

ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது ராஜன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்து, இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கோபித்துக்கொண்டார். இருளாயி அவர் சட்டைப் பட்டனைச் சரியாகப் போட்டுவிட்டார்.

வீடு திரும்பியும் மஞ்சுஷாவுக்கு அதே நினைவுதான். எட்டு மாதத்தில் வயதைக் கொடுத்துத் தேடி, வெறுங்கையோடு போனவர்கள் எத்தனை பேர்? மறுநாள் கம்பெனியில் மேலாளர் அபிலாஷிடம் தன் தவறைச் சொல்லி, பழைய தேடல்களை மறுபடி ஓட்ட அனுமதி கேட்டாள். நாற்பத்தாறு தேடல்களுக்குப் புது முகங்கள் வந்தன. தேடியவர்கள் அப்போது கொடுத்திருந்த போன் எண்களில் முதலாவதை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்ததை யாரோ எடுத்தார்கள். தன் பெயரைச் சொல்லி, அவர்கள் தேடியவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.