கோட்டுக்கு வெளியே ஓடியவர்

வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயின் நெடி எங்கே வந்தாலும், அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகரில் சனிக்கிழமைகளில் எங்கள் ஆபீஸ் அணிக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த பராகுவேக்காரர் என் முன் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒரு காலத்தில் முன்களத்தில் கோல் அடித்தவர். முழங்கால் போனபின் பயிற்சியாளர். நரைத்த பின்னல், நிற்கத் தெரியாத கால்கள். ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே, எதிரணியின் கடைசித் தடுப்பாளருக்கு நேராகவே நகர்வார். ஓரடி முந்திவிட்டால் பதறிப் பின்வாங்குவார், ஆஃப்சைடு கொடி தனக்கே உயரும் என்பதுபோல.

"நீங்களே இறங்கி ஆடிடுங்க கோச்" என்பான் எங்கள் கோல்கீப்பர். அவர் ஆங்கிலத்தில் திட்டியது எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது: "ஆட முடிஞ்சா உன்கூட எதுக்குடா மாரடிக்கிறேன்?"

ஒருநாள் பராகுவேயில் அவர் ஆடிய பழைய கிளப், அவரை மேனேஜராக வரச்சொல்லி அழைத்தது. க்ரீன் கார்டு கைக்கு வரும் நேரம். போனால் அதுவும் போகும். பந்துகளை வேனில் ஏற்றிக்கொண்டே அன்றும் வேனைச் சுற்றிச்சுற்றி நடந்தார்.

"மூணு மேட்ச் தோத்தா துரத்திடுவாங்களே கோச்" என்றேன்.

"துரத்துவாங்க. நீங்க தோத்தா திங்கக்கிழமை சிரிச்சுக்கிட்டே ஆபீஸ் போறீங்க. அங்க தோத்தா ஊரே சாப்பிடாது. எனக்கு அந்த ஊர் வேணும்."