கழற்றாத தலை

நாடகக் கம்பெனியில் அவனுக்குப் பெயர் பன்னியண்ணன். காகிதக்கூழில் செய்த பன்றித் தலை ஒன்றுதான். பூமியைக் கோரைப்பல்லில் தூக்கி வரும் பன்றிக்கும் அதுதான், சாபத்தால் சேற்றில் புரளும் ராஜாவுக்கும் அதுதான். பூமியைத் தூக்குகிற அன்றைக்கு மட்டும் முதலாளியின் மச்சான் அதை மாட்டிக்கொள்வான். கைதட்டல் விழுமே, விடுவானா? உதை வாங்குகிற கதையெல்லாம் நம்ம ஆளுக்கு.

பள்ளிக்கூடங்களில் ராஜா கதைக்குத்தான் கிராக்கி. பேராசை பிடித்த ராஜா பன்றியாகிவிடுவார். கசாப்புக்காரன் கத்தியைத் தீட்டுவான். அது முதலாளியே போடுகிற வேஷம். பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருத்தியை மேடையேற்றி, ராஜாவின் மகளாக நிறுத்தி, "இது யாரும்மா?" என்று கேட்பார். "எங்க அப்பா" என்று அவள் சொன்னதும் பன்றி தலையைக் கழற்றிவிட்டு ராஜாவாகச் சிரிக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை.

ஒருநாள் அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே நாடகம். காலையில் அவள் சாப்பிடாமல் அழுதாள்.

"உன் போட்டோவைக் காட்டி, அப்பா கப்பல்ல கேப்டன்னு சொல்லி வச்சிருக்கேன்பா. உன் மூஞ்சி தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"தெரியாது கண்ணு. கழட்டுறதுக்குள்ள திரையை இழுக்கச் சொல்லிடுறேன்."

சொன்னபடியே முதலாளியிடம் போய் நின்றான். "நீலச் சட்டை, மூணாவது வரிசை, அதான் என் பொண்ணு. அவளை மேடைக்குக் கூப்பிட்டுடாதீங்க, நான் தலையைக் கழட்டுறதுக்குள்ள திரையையும் இழுத்துடுங்க முதலாளி."

"அட, நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே!" என்றார் அவர். அந்த வாயை நம்பிச் சொன்னானே, அதுதான் அவன் செய்த மடத்தனம்.

கடைசிக் காட்சியில் முதலாளி மேடையை விட்டு இறங்கி, நேரே மூன்றாவது வரிசைக்குப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பன்றியின் கண் ஓட்டை வழியாக அவள் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. பழக்க தோஷத்தில் தலையைக் கழற்ற அவன் கைகள் கழுத்துப்பட்டைக்குப் போய்விட்டன.

"இது யாரும்மா?"

"தெரியாது."

"நல்லாப் பாரு. உங்கப்பாவா?"

"ச்சீ! பன்னி."

அரங்கமே சிரித்தது. முதலாளிக்குக் கொண்டாட்டம். "அப்போ வெட்டிடலாமா பசங்களா?"

"வெட்டு! வெட்டு!" எல்லாக் குரலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது. முதலாளி மரக்கத்தியால் அவன் முதுகில் சாத்தினார். மச்சானும் வந்து தன் பங்குக்கு ஒரு உதை விட்டான். பன்றித் தலைக்குள்ளே அவன் நிஜமாகவே வாய்விட்டு அழுதான்.

வேனில் ஏறும்போது முதலாளி அவன் தோளைத் தட்டினார். "இனிமே இதுதான்டா முடிவு. தலையைக் கழட்டுற வேலையும் மிச்சம்."

வீட்டு வாசலிலேயே மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். காலையில் அழுத முகமா இது!

"ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலப்பா! நீ கத்துனது அப்படியே அசல் பன்னி கத்துன மாதிரியே இருந்துச்சு."